உருண்ட லாரியின் இடது பக்கம்

காலை 5.50க்கு லாரி உருண்டது.

மேலே முப்பத்தோரு டன் இரும்புக் கம்பி. இன்ஜின் ஓடவில்லை. சாவி சாவடி அலுவலகத்துப் பெட்டியில், பூட்டுக்குள். அப்படியும் அது, பிடிபட்ட வண்டிகளை நிறுத்தும் யார்டின் மேல் மூலையிலிருந்து அறுபது மீட்டர் தானாக இறங்கி வந்து, காவலாளியின் தகரக் கொட்டகையை நசுக்கிச் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. கொட்டகைக்குள் காவலாளி டீ போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி டம்ளர் கீறல் இல்லாமல் கிடைத்தது. அவருடைய வலது காலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

6.05க்கு சுத்தியல் மேடத்தின் போன் அடித்தது.

அடையாள அட்டையில் அவள் மோட்டார் வாகன ஆய்வாளர். ரோட்டில் எல்லோருக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரிக்காரர்களுக்குள் மட்டும் சுத்தியல் மேடம். சக்கர நட்டுகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போனில் பெரிய அதிகாரி.

"நேத்து நீங்க பிடிச்ச வண்டிதானே?"

"ஆமா சார்."

"பிரேக் சரியில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? பிரேக் இல்லாத வண்டி உருளத்தானே செய்யும். டிரைவர் உள்ளேதான் தூங்கிட்டிருந்தானாம். அவன் மேல போட்டு முடிக்கச் சொல்லுங்க."

"சார், யார்டு சரிவா இருக்கு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேணும்னு மூணு லெட்டர் போட்டிருந்தேன்."

"அதை இப்ப எதுக்கு எடுக்கறீங்க?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாதவர் போல.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கணவர் அடுக்களையிலிருந்து, "சாப்பிட்டுப் போ" என்றார். எந்தக் காலை வேளையில் அவர் இதைச் சொல்லாமல் இருந்தார், எந்தக் காலை வேளையில் அவள் சாப்பிட்டுப் போனாள் என்று யோசித்தால் அதுவே ஒரு எரிச்சல்.

அந்த லாரியை முந்தின நாள் மாலை 4.10க்கு அவள் நிறுத்தினாள். நிறுத்தினாள் என்பதைவிட, அதுவே கொஞ்சம் கொஞ்சமாக நின்றது என்பதுதான் சரி. கை காட்டிய இடத்தைத் தாண்டி எழுபது மீட்டர் போய் நின்றது. டயர் இரண்டில் நூல் தெரிந்தது. ஸ்டீயரிங்கை ஆட்டினால் சக்கரம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அடியில் படுத்து, பின்சக்கரங்களின் பிரேக் தண்டுகளில் சாக்பீஸால் கோடு போட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, தண்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று அளந்தாள். ஐம்பது மில்லிமீட்டருக்கு மேல் வரக்கூடாது. இடப்பக்கம் 66, 69. வலப்பக்கம் 74, 76. தண்டு அவ்வளவு தூரம் வந்தால் பிரேக் சக்கரத்தைத் தொடும், பிடிக்காது.

வண்டியை யார்டுக்குள் விடச் சொன்னபோது டிரைவர், "காத்து ஏறட்டும் மேடம். இல்லேன்னா நகராது" என்றார். எட்டு நிமிடம் இன்ஜினை உறுமவிட்டு, கறுப்புப் புகையை அவள் முகத்தில் விட்டு, காற்று ஏறிய பிறகுதான் வண்டி அசைந்தது. யார்டின் மேல் மூலையில், சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். கட்டை இல்லாததால் முன்சக்கரங்களுக்கு இரண்டு கருங்கல். தடைச் சீட்டை ஒட்டிவிட்டு, யார்டு மெக்கானிக்கிடம் ரிப்போர்ட்டை நீட்டினாள். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான்.

மாலை 6 மணிக்கு லாரி கம்பெனி மேனேஜர் புகார் கொடுத்தார். ஆய்வாளர் வேண்டுமென்றே அளவைக் கூட்டி எழுதியிருக்கிறார் என்று. நாளைக் காலை பத்து மணிக்கு மறு ஆய்வு, அளவு பொய் என்றால் அவள் மேல் நடவடிக்கை என்று பெரிய அதிகாரி உடனே உத்தரவு போட்டார். கட்டைக்கு மூன்று லெட்டர், ஒரு பதிலும் இல்லை. இதற்கு இருபது நிமிடம்.

6.40. யார்டு.

சப்-இன்ஸ்பெக்டர் ஏற்கனவே வந்திருந்தான். அவன் அவளுடைய கொழுந்தன். மற்றவர்கள் காதில் விழும்போது மேடம் என்பான், விழாதபோது அண்ணி. கையில் பேடு, பேடில் பாதி எழுதிய அறிக்கை.

"முடிஞ்சிடுச்சு அண்ணி. டிரைவர்தான். தூக்கத்துல ஹேண்ட்பிரேக் பட்டனைத் தட்டி விட்டிருக்கான். இல்லேன்னா திருட்டுத்தனமா வண்டியை வெளிய எடுக்கப் பாத்திருக்கான். எப்படிப் பாத்தாலும் அவன்தான். பத்தரைக்கு கோர்ட்டுக்குக் கொண்டுபோறேன்."

"காவலாளி?"

"ஆபரேஷன் நடக்குது. முழங்காலுக்குக் கீழ கஷ்டம்ங்கறாங்க. பிழைக்காம போனா டிரைவர் மேல பெரிய கேஸாயிடும்."

"டிரைவர்கிட்ட பேசணும்."

"அதான் நான் பேசிட்டேனே."

"நீ பேசினது எனக்குத் தெரியும் தம்பி. கல்யாண மண்டபத்துல சமையல்காரரை மிரட்டின மாதிரிதான் பேசியிருப்பே. தள்ளு."

டிரைவர் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் கட்டு. கையில் விலங்கு போட்டிருந்ததால் பீடியைப் பற்ற வைக்க முடியாமல் வாயில் வெறுமனே வைத்திருந்தார்.

"எத்தனை மணிக்கு முழிச்சீங்க?"

"வண்டி நகர்ந்ததும்தான் மேடம். கனவுன்னு நெனச்சேன். பிரேக்கை மிதிச்சேன், வெறும் காலு உள்ள போகுது. அதுக்குள்ள இடி."

"பட்டனைத் தொட்டீங்களா?"

"சாமி சத்தியமா தொடல. நான் சீட்டுக்குப் பின்னாடி பெட்டுல படுத்திருந்தேன், பட்டன் அந்தப் பக்கம்."

"உடனே இறங்கினீங்களா?"

"எங்க மேடம் இறங்கறது? என் பக்கக் கதவு கொட்டகைத் தூணுல மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் சுவரு. உள்ளயே கிடந்தேன். போலீஸ்காரங்க வந்து கண்ணாடியை உடைச்சுத்தான் என்னை இழுத்தாங்க. ஆறரை ஆயிடுச்சு."

"வெளிய யாரைப் பாத்தீங்க?"

"உடைஞ்ச சைடு கண்ணாடியில மேஸ்திரியைப் பாத்தேன். அவருதான் முதல்ல ஓடி வந்தாரு. டீசல் ஒழுகுதான்னு பாக்கறேன்னு சொல்லிட்டு இடது பக்கமா அடியில பூந்துட்டாரு. கொட்டகையில அந்த மனுஷன் கத்திக்கிட்டே இருக்காரு. நானும் கத்தறேன், அவரை முதல்ல தூக்குய்யான்னு. ஏழெட்டு நிமிஷம் ஆச்சு அவரு வெளிய வர."

"டீசல் ஒழுகுச்சா?"

"இல்லையாம். நல்லவேளைன்னாரு."

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் டிரைவரின் குரல்: "மேடம், நான் ஜெயிலுக்குப் போயிடுவேனா?"

"தெரியல" என்றாள். ஏனென்றால் தெரியவில்லை.

லாரியைச் சுற்றி வந்தாள். வலப்பக்கம் டீசல் டேங்க். சுத்தியலால் தட்டினாள், நிறைந்த சத்தம். கீறல்கூட இல்லை. இடப்பக்கம் பேட்டரிப் பெட்டி, ஸ்பேர் டயர், சுவர்.

மேஸ்திரி கைகளைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். சட்டை முதுகெல்லாம் சேறு. கண் சிவந்திருந்தது.

"பாவம் மேடம் அந்த மனுஷன். நான்தான் தூக்கி ஆம்புலன்ஸ்ல போட்டேன்."

"நீங்க எப்ப வந்தீங்க மேஸ்திரி?"

"எதிர்ல டீக்கடையில நின்னுட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன்."

"எப்படி உருண்டிருக்கும்?"

சப்-இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் வந்து நின்றான். மேஸ்திரி அவனைப் பார்த்தே பதில் சொன்னார். "பழைய வண்டி சார். ராத்திரி பூரா காத்து கசிஞ்சிருக்கும். காத்து பிரேக்குல காத்து போயிட்டா அப்புறம் என்ன பிடிக்கும்? வண்டி உருள வேண்டியதுதான்."

"பாத்தீங்களா?" என்றான் கொழுந்தன். "முப்பது வருஷ மெக்கானிக் சொல்றாரு. சரி, டிரைவர் பட்டனைத் தட்டல, காத்து இறங்கினதுன்னே வச்சுக்கலாம். அப்பவும் வண்டியில இருந்த டிரைவருக்குத்தானே பொறுப்பு?"

சுத்தியல் மேடம் மேஸ்திரியை ஒரு கணம் பார்த்தாள். "நீங்களே அப்படிச் சொன்னா சரி" என்றாள்.

7.20. அவள் சரிவில் ஏறி மேல் மூலைக்குப் போனாள். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. ஒரு கருங்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது, இன்னொன்று தள்ளிப் போயிருந்தது. பின்சக்கரங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சுவர்ப் பக்கமாக, கறுப்பு ரப்பர் மூடிகள் இரண்டு. டீ டம்ளர் அடிப்பாகம் அளவு. ஒரு பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருந்தது, மறுபக்கம் பளிச்சென்று சுத்தம். இடையில் ஒன்றரை மீட்டர் தூரம்.

கொழுந்தன் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான். "என்ன அண்ணி அது? பாட்டில் மூடியா?"

"ஆமா. உனக்கு அப்படித்தான் தெரியும்."

பைக்குள் போட்டுக்கொண்டாள்.

8.15. கிரேன் வந்தது. கிரேன்காரருக்கு யார் உயிர் போனாலும் வண்டி ஒழுங்காக வரவேண்டும், அவ்வளவுதான். லாரியின் பின்னால் சங்கிலியை மாட்டி மெதுவாக இழுத்தார். லாரி நேராக வரவில்லை. வலது பின்சக்கரங்கள் உருண்டன. இடது பின்சக்கரங்கள் அசையாமல் தரையில் தேய்ந்து, கறுப்புக் கோடு போட்டன. வண்டி கோணிக்கொண்டு சுவரை நோக்கியே திரும்பியது.

கிரேன்காரர் தலையை வெளியே நீட்டினார். "யோவ்! யாருய்யா இடது பக்கம் மட்டும் பிரேக் போட்டது? ஒரு பக்கம் வருது, ஒரு பக்கம் வரமாட்டேங்குது! பிரேக்கே இல்லாத வண்டின்னு சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"நிறுத்துங்க" என்று கத்தினாள் சுத்தியல் மேடம். "சங்கிலியைக் கழட்ட வேண்டாம். அப்படியே பிடிச்சு வச்சிருங்க."

"எவ்ளோ நேரம்? எனக்கு இன்னும் ரெண்டு வண்டி இருக்கு."

"நான் சொல்ற வரைக்கும்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று முணுமுணுத்தார் அவர். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவள் பாயை விரித்து லாரிக்கு அடியில் போனாள். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு டப்பா, அதற்குள் பிரேக்கை இயக்கும் ஸ்பிரிங். டப்பாவின் பின்புறம் நடுவில் ஒரு துளை, துளைக்கு ரப்பர் மூடி. பக்கவாட்டில் ஒரு சின்னப் பையில் நீண்ட போல்ட் ஒன்று செருகியிருக்கும், அவசரத்துக்கு. வலப்பக்கம் இரண்டு டப்பாவிலும் மூடி இருந்தது, போல்ட்டின் மேல் பல வருஷச் சேறு. இடப்பக்கம் இரண்டிலும் துளை திறந்து கிடந்தது. போல்ட்டுகள் பையில் இருந்தன, ஆனால் சேறு இல்லை. பிரேக் லிவரைச் சரிசெய்யும் நட்டில் துரு உரிந்து புதுசாக மினுக்கியது, இடப்பக்கம் மட்டும்.

கிரேனிலிருந்து காற்றுக் குழாய் இழுத்து மாட்டி, ஒரு போலீஸ்காரரை ஜன்னல் வழியாக ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடியும் அளந்தாள். நேற்றைய சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. வலப்பக்கம் 74, 76. இடப்பக்கம் 38, 40.

வெளியே வந்து நோட்டில் எழுதினாள். பிறகு அதே காற்றுக் குழாயைக் கழற்றி, லாரியின் காற்று டேங்கில் ஏறியிருந்த காற்று முழுவதையும் வெளியே திறந்துவிட்டாள்.

9.10. மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. "பாத்தீங்களா சார்? இவங்க பொறுப்புல இருந்த வண்டி. இப்ப எங்க சரக்குக்கு யார் பதில் சொல்றது?" என்று ஆரம்பித்தார். காவலாளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள் சுத்தியல் மேடம். "டிரைவரையும் கூட்டிட்டு வாங்க. தம்பி, நீ வண்டியில ஏறு."

"நானா?"

"உன் கேஸ்தானே? கண்ணாடி வழியா ஏறு. ஏறி ஹேண்ட்பிரேக் பட்டனைத் தட்டு. தூக்கத்துல தட்டற மாதிரி தட்டாதே, நல்லா தட்டு."

போலீஸ் உடையில் உடைந்த ஜன்னல் வழியாக ஏறுவது எளிதல்ல என்பதை அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே போய்ப் பட்டனைத் தட்டினான். இழுத்தான். மறுபடி தட்டினான்.

"கிரேன், இழுங்க."

சங்கிலி விறைத்தது. வலது சக்கரம் உருண்டது. இடது சக்கரம் தேய்ந்தது. கறுப்புக் கோடு இன்னும் ஒரு சாண் நீண்டது.

"போதும். இறங்கறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாரு தம்பி. இப்ப வண்டியில காத்து இருக்கா?"

மீட்டரைப் பார்த்தான். "இல்ல. சைபர்."

"காத்து இல்ல. பட்டனையும் தட்டிட்டே. வண்டி ஏன் உருளல?"

அவன் மீட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக இறங்கினான். மேனேஜர் போனை எடுத்துப் பார்த்தார். மேஸ்திரி கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார்.

"பெரிய லாரியில நிறுத்தி வைக்கிற பிரேக்கைப் பிடிக்கிறது காத்து இல்ல" என்றாள் அவள். "ஸ்பிரிங். காத்து ஏறினாத்தான் அந்த ஸ்பிரிங் விலகும், வண்டி நகரும். நேத்து எட்டு நிமிஷம் புகையைக் குடிச்சுக்கிட்டு நின்னேனே, எதுக்கு? காத்து போச்சுன்னா வண்டி உருளாது. பிடிக்கும். நேரெதிர். இது தெரியாதவங்க நிறைய பேர். பெரிய அதிகாரிக்குத் தெரியாது. எங்க தம்பிக்குத் தெரியாது. தெரியாதவங்க 'காத்து இறங்கிடுச்சு, அதான் உருண்டுடுச்சு'ன்னு சொன்னா நான் திட்டிட்டு விட்டுடுவேன். முப்பது வருஷமா இதே டப்பாக்களைக் கழட்டி மாட்டற மனுஷன் அப்படிச் சொன்னா?"

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"பதட்டத்துல சொல்லிட்டேன் மேடம்."

"சரி. பதட்டம்." பையிலிருந்து இரண்டு மூடிகளையும் எடுத்து நீட்டினாள். "இது மேல, வண்டி நின்ன இடத்துல கிடந்தது. இடது பக்க டப்பா ரெண்டோட மூடி. துளை திறந்திருக்கு, போய்ப் பாருங்க. அந்தத் துளையில நீளப் போல்ட்டை விட்டு முறுக்கினா ஸ்பிரிங் சுருங்கிடும். காத்து வேண்டாம், சாவி வேண்டாம், பிரேக் விட்டுடும். வண்டி உருண்டப்ப போல்ட் ரெண்டும் துளைக்குள்ள இருந்திருக்கு. இப்ப இல்ல. அதனாலதான் இப்ப இடது பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அப்ப வண்டி மோதினதுக்கு அப்புறம் யாரோ அடியில போய்ப் போல்ட்டைக் கழட்டிப் பையில செருகியிருக்காங்க. மூடி மட்டும் மேலயே விழுந்துபோச்சு. அதை எடுக்க நேரமில்ல."

"டிரைவர் கழட்டியிருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"எப்படி? ரெண்டு கதவும் மாட்டிக்கிச்சு. ஆறரைக்கு உங்க முன்னாடி நிக்கற இந்தப் போலீஸ்காரங்கதான் அவரை இழுத்துப் போட்டாங்க. அப்புறம் விலங்கு. வண்டிக்குள்ள இருந்தான், அதனால அவன்தான்னு எல்லாரும் சொல்றீங்க. வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டதாலதான் அவர் இல்ல." அவள் திரும்பினாள். "அடியில போனது ஒரே ஆள்தான். டீசல் ஒழுகுதான்னு பாக்க. மேஸ்திரி, டீசல் டேங்க் எந்தப் பக்கம்?"

மேஸ்திரி கையிலிருந்த துணியைப் பாக்கெட்டில் திணித்தார்.

"வலப்பக்கம்" என்று டிரைவர் சொன்னார், மெதுவாக. பீடி வாயிலிருந்து விழுந்தது. "ஏன்யா... அவரு கத்திக்கிட்டிருந்தாரே. கால் மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டிருந்தாரே!"

கிரேன்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

"உருட்டணும்னு நீங்க பண்ணல" என்றாள் அவள். "பத்து மணிக்கு மறு ஆய்வு. அதுக்குள்ள பிரேக்கை இறுக்கி வச்சிட்டா அளவு சரியா வரும், நான் பொய் எழுதினதா ஆகும். காவலாளி கண்ணுல படாம சுவர்ப் பக்கத்துல ஆரம்பிச்சீங்க. பிரேக் பிடிச்சிருக்கும்போது நட்டை இறுக்க முடியாது, அதனால போல்ட்டைப் போட்டு இடது ரெண்டையும் விட்டுட்டு இறுக்கினீங்க. 38, 40. நல்ல வேலைதான். வலது பக்கம் போறதுக்கு முன்னாடி வண்டி போயிடுச்சு."

மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலுல ரெண்டு பிடிச்சிருந்தா வண்டி நிக்கும் மேடம். எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம். நாலையும் ஒரே நேரத்துல எவனும் விடமாட்டான். நான் ஒண்ணும் கத்துக்குட்டி இல்ல. வலது பக்கம் ரெண்டும் பிடிச்சுத்தான் இருந்துச்சு."

"74. 76. அது பிடிக்காதுன்னு எழுதியிருந்தேன். அந்தத் தாள்ல சாட்சிக் கையெழுத்து உங்களுது."

"படிச்சேன் மேடம். ராத்திரி அந்தக் காப்பியைத்தான் மேனேஜர் கொடுத்தாரு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நம்பல. ஏத்தித்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். எல்லா இன்ஸ்பெக்டரும் ஏத்தித்தானே எழுதறாங்க. அந்தம்மா கோபத்துல போட்டுக் குத்தியிருக்கு, உண்மையில ஐம்பத்தஞ்சு அறுபதுதான் இருக்கும்னு அவரும் சொன்னாரு. அறுபதுன்னா நின்னிருக்கும் மேடம். சத்தியமா நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. பதினாலு வருஷமாகப் படுத்து, உருண்டு, மில்லி மில்லியாக அளந்து எழுதுகிறாள். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர், படித்துவிட்டு, பொய்யென்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் முப்பத்தோரு டன்னை நிறுத்தியிருக்கிறார்.

"உனக்கு என்ன கொடுக்கறதா சொன்னாரு?" என்று கொழுந்தன் கேட்டான்.

"கம்பெனி ஒர்க்‌ஷாப்புல இன்சார்ஜ் வேலை. இந்த யார்டுல எத்தனை நாள் சார்..."

"நான் அப்படியெல்லாம் எதுவும் சொல்லல" என்று மேனேஜர் காரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். காருக்குப் பின்னால் கிரேன் நின்றது. கிரேன்காரர் இறங்கிப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். எடுக்கச் சொல்லி மேனேஜர் கத்தியதற்கு, "மேடம் சொல்ற வரைக்கும்" என்றார்.

9.50. டிரைவரின் விலங்கைக் கழற்றினார்கள். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"மேடம். நேத்து நீங்க வண்டியை நிறுத்தினப்ப நான் உங்களைக் கன்னாபின்னான்னு திட்டினேன்."

"கேட்டுச்சு. ஜன்னல் திறந்திருந்துச்சு."

"மன்னிச்சிடுங்க."

அவள் நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். முகம் மாறியது.

"இது என்ன மேடம்?"

"நூல் தெரியற டயரோட, பிரேக் பிடிக்காத வண்டியை நாப்பது கிலோமீட்டர் ஓட்டினீங்க இல்ல? அது. உருண்டதுக்கு நீங்க காரணமில்ல. ஓட்டினதுக்கு நீங்கதான். பதினஞ்சு நாள்ல வந்து ஆஜராகுங்க."

"கம்பெனிதானே மேடம் ஓட்டச் சொல்லுது? மாட்டேன்னா வேற ஆளைப் போடுவான்."

"கம்பெனிக்குத் தனிச் சீட்டு. அது பெருசு." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தாள். "வந்து இதையே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

10.00. போன்.

"மறு ஆய்வு முடிஞ்சுதா?" என்றார் பெரிய அதிகாரி.

"முடிஞ்சுது சார். வலப்பக்கம் நேத்து எழுதின அதே அளவு. இடப்பக்கம் யார்டு மெக்கானிக் ராத்திரியோட ராத்திரியா ரிப்பேர் பண்ணிட்டாரு. அரெஸ்ட் பண்ணியிருக்காங்க. மேனேஜரையும்."

"இதெல்லாம் ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல சார். குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு, ரெண்டு வரி. அதுல எழுதறேன்." மூச்சு விட்டாள். "காவலாளிக்குக் காலை எடுத்துட்டாங்களாம். இப்பத்தான் சொன்னாங்க. உயிர் இருக்கு. முட்டுக்கட்டைக்கு நாலாவது லெட்டரை இன்னிக்கு அனுப்பறேன். அதுல இதையும் எழுதறேன்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. யார்டு அலுவலகத்து அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடை போட்ட வண்டியை வெளியே விடவேண்டுமானால், கோளாறு சரிசெய்யப்பட்டது என்று யார்டு மெக்கானிக் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தின் பேரில்தான் சீட்டைக் கிழித்துச் சாவியைக் கொடுப்பார்கள்.

"தம்பி" என்றாள், போனை வைத்துவிட்டு. "மேஸ்திரி இங்க சேர்ந்து எத்தனை வருஷம்?"

"ஆறு அண்ணி." அக்கம்பக்கம் ஆள் இருந்தும் அண்ணி என்றே வந்துவிட்டது. "ஏன்?"

அவள் அலமாரியைத் திறந்தாள். கோப்புகள் மேல்தட்டிலிருந்து அடித்தட்டு வரை அடுக்கியிருந்தன. முதல் கோப்பை எடுத்துத் தூசி தட்டி, பிரித்தாள். எல்லாத் தாள்களிலும் அதே கையெழுத்து, அதே சாய்வு. அடியில் குனிந்து பார்க்காத மனிதனின் கையெழுத்து.

வெளியே சாலையில் ஒரு லாரி போயிற்று. பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. அவள் தலையை உயர்த்தி, அது எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போன் பண்ணி உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றாள், சுத்தியலையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டே. "மத்தியானமும் சாப்பிட வரமாட்டேன்னு."